இடுகாட்டில் பிறந்த திருச்சபை

ஒரு கிறித்தவக் குடும்பத்தில் சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். கோயிலில் துக்கமணி அடிக்கும். பங்குத்தந்தையோ போதகரோ வீட்டுக்கு வந்து செபிப்பார். சபைப் பெண்கள் இரவெல்லாம் பாட்டுப் பாடி உடன் இருப்பார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வரும். முப்பதாம் நாள் திருப்பலியோ நினைவு ஆராதனையோ நடக்கும். இழவு வீட்டில் ஒரு கூட்டம் வந்து துணை நிற்பது பெரிய ஆறுதல். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த ஊர்வலம் எந்தத் தெரு வழியே போகிறது, எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைகிறது, அங்கே சுவருக்கு எந்தப் பக்கம் குழி வெட்டப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களின் கல்லறைகளை மற்றவர்களின் கல்லறைகளிலிருந்து பிரித்து நிற்கும் சுவரைப் பற்றி நம்மில் பலர் படித்திருக்கிறோம், சிலர் அதற்கு எதிராகப் போராடியும் இருக்கிறோம். ஒரு சபை ஆறுதலும் சொல்லிக்கொண்டு சுவரையும் காத்துக்கொண்டு இருக்க முடியுமா? இதுதான் கேள்வி.

இதே கேள்வியை 200 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, அதற்கான விடையைத் தங்கள் கையாலேயே கட்டி எழுப்பியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். மகாத்மா பூலே 1873இல் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். அந்த உறவின் தொடர்ச்சியாகவே இந்த வரலாற்றை நாம் படிக்க வேண்டும்.

செத்த பிறகும் அடிமை

நியூயார்க்கில் டிரினிட்டி ஆலயம் 1697இல் ஒரு தீர்மானம் போட்டது. ஆலயக் கல்லறைத் தோட்டத்தின் எல்லைக்குள் கறுப்பினத்தவர் எவரையும் புதைக்கக் கூடாது என்பதே அது. அந்த மக்கள் ஊருக்கு வெளியே கிடந்த நிலத்தில் தங்கள் பிணங்களைப் புதைத்தார்கள். அங்கும் நிம்மதி இல்லை. அடிமைகளின் அடக்கம் பகலில்தான் நடக்க வேண்டும் என்று 1722இல் நகராட்சி சட்டம் போட்டது. பகல் முழுக்க எசமானுக்கு உழைப்பவர் எப்போது அழுவது? 1731இல் இன்னொரு சட்டம் வந்தது. ஓர் அடிமையின் அடக்கத்துக்கு 12 பேருக்கு மேல் கூடக் கூடாது. பிணத்தைக் கண்டு அவர்கள் பயப்படவில்லை. பிணத்தைச் சுற்றிக் கூடும் மக்களைக் கண்டு பயந்தார்கள்.

அந்த இடுகாட்டின் மேல் நகரம் வளர்ந்தது. மண் மூடியது, கட்டடங்கள் எழுந்தன, எல்லோரும் மறந்தார்கள். 1991இல் மன்ஹாட்டனில் அரசு அலுவலகம் கட்டக் குழி தோண்டியபோது எலும்புகள் வெளியே வந்தன. 419 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. கறுப்பின மக்கள் போராடிய பிறகு, 2003இல் அவை உரிய மரியாதையோடு மீண்டும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டன. அங்கே புதைக்கப்பட்டவர்கள் மொத்தம் 15,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

மாதம் ஒரு ஷில்லிங்

1787 ஏப்ரல் 12 அன்று பிலடெல்பியா நகரில் ‘ஃப்ரீ ஆப்பிரிக்கன் சொசைட்டி’ என்ற சங்கம் தொடங்கப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர்கள் அப்சலோம் ஜோன்ஸ், ரிச்சர்ட் ஆலன் என்ற இருவர். இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஜோன்ஸ் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் முதலில் தன் மனைவியை மீட்டார். தாய் அடிமையாக இருந்தால் பிறக்கும் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். தன் விடுதலை அவருக்கு 1784இல்தான் கிடைத்தது.

சங்கத்தின் விதிகள் எளிமையானவை. உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு வெள்ளி ஷில்லிங் கட்ட வேண்டும். ஓராண்டு கட்டிய பிறகு, வறுமையில் தவிக்கும் உறுப்பினருக்கு வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ் கிடைக்கும். உறுப்பினர் இறந்துபோனால் அவருடைய விதவைக்குச் சங்கம் துணை நிற்கும். பிள்ளைகள் இலவசப் பள்ளிக்குப் போக முடியாவிட்டால் படிப்புச் செலவைச் சங்கம் ஏற்கும். பிறகு அவர்களை ஒரு தொழில் பழகச் சேர்த்துவிடும். 1790இல், நகரின் அநாதைப் பிணங்கள் புதைக்கப்படும் பொது இடுகாட்டைக் குத்தகைக்குத் தரும்படி இதே சங்கம் கேட்டது. தம் மக்களின் பிணங்களைத் தம் பொறுப்பில் தாமே புதைக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

இந்தச் சங்கத்துக்காரர்கள்தான் பிறகு தங்கள் சொந்தத் திருச்சபைகளைக் கட்டினார்கள். வெள்ளையரின் மெதடிஸ்ட் ஆலயத்தில் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்தவர்களை இழுத்து எழுப்பிய அவமானத்துக்குப் பிறகு ஜோன்ஸ், ஆலன் உள்ளிட்டோர் அந்த ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். 1794இல் இருவரும் ஆளுக்கொரு ஆலயத்தைத் திறந்தார்கள். 1816இல் ஆலனின் தலைமையில் ‘ஆப்பிரிக்கன் மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல்’ என்ற தனித் திருச்சபை உருவானது. அதற்கு முன்பே, 1810இல், ஆலனின் பெத்தேல் ஆலயம் தனக்கென ஓர் இடுகாட்டு நிலத்தை விலைக்கு வாங்கியிருந்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் சாவுக்கும் நோய்க்குமான சங்கம், பிறகுதான் கோயில். மற்றவர்களுக்குத் திருச்சபை செய்யும் பல வேலைகளில் ஒன்று துக்கத்தில் துணை நிற்பது. கறுப்பின மக்களின் திருச்சபையோ அந்த வேலையிலிருந்தே முளைத்தது.

கொள்ளைநோயும் கணக்குப் புத்தகமும்

1793 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. சுமார் 50,000 பேர் வாழ்ந்த நகரில் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 5,000 பேர் செத்தார்கள். வசதி படைத்தவர்கள் நகரை விட்டு ஓடினார்கள். கணவனை மனைவியும் மனைவியைக் கணவனும் கைவிட்ட நேரம் அது. கறுப்பினத்தவரை இந்த நோய் தொற்றாது என்று பெரிய மருத்துவரான பெஞ்சமின் ரஷ் நம்பினார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் பிணங்களை அகற்றவும் வரும்படி அவர்களை வேண்டிக்கொண்டார்.

ஜோன்ஸும் ஆலனும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு இறங்கினார்கள். மருத்துவரின் நம்பிக்கை பொய்த்தது. கறுப்பின மக்களிலும் 300 பேருக்கு மேல் மாண்டார்கள். பெற்றோர் செத்துக் கிடக்க, அவர்கள் தூங்குவதாக நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைகளைக் கண்டதாக இருவரும் பின்னர் எழுதினார்கள். மனம் தாங்காமல் இந்த வேலையையே விட்டுவிடலாமா என்று நினைத்ததாகவும், வேறு யாரும் முன்வராததால் தொடர்ந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள்.

அதற்குக் கிடைத்த நன்றி என்ன? நோய் அடங்கியதும் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் ஒரு நூலை வெளியிட்டார். கறுப்பினச் செவிலியர்களில் இழிந்தவர்கள் நோயாளிகளிடம் அநியாயக் கூலி பிடுங்கினார்கள், வீடுகளில் திருடினார்கள் என்று அதில் எழுதினார். நோயின்போது சில காலம் ஊரை விட்டு வெளியே போயிருந்தவர் அவர். நூல் பரபரப்பாக விற்றது.

ஜோன்ஸும் ஆலனும் 1794இல் பதில் நூல் எழுதி அச்சிட்டார்கள். அதில் கணக்கை வைத்தார்கள். பிணம் அடக்கிய வகையில் வரவு 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். காசு வராத சவப்பெட்டிகளுக்கும் கூலியாட்களுக்கும் செலவு 411 பவுண்டு. கைநட்டம் 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். நூற்றுக்கணக்கான ஏழைகளையும் வெளியூர்க்காரர்களையும் காசு வாங்காமலே புதைத்ததையும் பதிவு செய்தார்கள். நகர மேயரின் சான்றையும் சேர்த்து அச்சிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது நம் ஊர் நினைவு வராமல் இருக்குமா? இழவு சொல்லப் போனவர் யார்? பறை அடித்தவர் யார்? குழி வெட்டியவர், வெட்டியான் வேலை பார்த்தவர் யார்? ஊர்ச் சாவையெல்லாம் சுமந்தவர்கள் நம் பாட்டன்மார். அதே மக்களின் பிணத்துக்கு ஊர்ப் பாதை கிடையாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், மயானத்துக்குப் போகும் வழி மறிக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அந்தக் காணொளியை மறக்க முடியுமா?

பிணவண்டிக் கொட்டகை

தெற்கே, தென் கரோலினா மாநிலத்தின் சார்லஸ்டன் நகருக்கு வருவோம். வெள்ளையரின் எபிஸ்கோப்பல் ஆலயம் ஒன்றுக்குப் போய்வந்த கலப்பினத்தவர்களுக்கு அதன் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. அவர்கள் 1790இல் ‘பிரவுன் ஃபெலோஷிப் சொசைட்டி’ என்ற சங்கத்தைத் தொடங்கி, தனி இடுகாடு வாங்கி, விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் உதவினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மாநிறத்தவருக்கு மட்டுமே அதில் இடம். கருத்த தோல் உள்ளவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் 1843இல் தங்களுக்கென வேறு சங்கத்தைத் தொடங்கினார்கள். பக்கத்துப் பக்கத்து நிலத்தில் இரண்டு இடுகாடுகள் உருவாயின. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. நம்மில் யாரும் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. நம் சேரிகளிலும் உட்சாதிக்கொரு சுடுகாடு கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அதே நகரில் 1817 வாக்கில் வெள்ளை மெதடிஸ்டுகள், கறுப்பின மக்களின் இடுகாட்டு நிலத்தின் மேல் பிணவண்டி நிறுத்தும் கொட்டகை கட்டத் துணிந்தார்கள். அதுவரை பல அவமானங்களைப் பொறுத்திருந்த மக்கள் இதைப் பொறுக்கவில்லை. மோரிஸ் பிரவுன் என்பவரின் பின்னால் 4,000க்கும் மேற்பட்டோர் வெள்ளையரின் மெதடிஸ்ட் ஆலயங்களை விட்டு வெளியேறித் தனிச் சபை அமைத்தார்கள். இன்று ‘எம்மானுவேல்’ என்ற பெயரில் இருக்கும் ஆலயத்தின் தொடக்கம் அதுதான். இறந்தவர்களின் மானத்துக்காக உயிரோடு இருந்தவர்கள் எழுந்து நின்ற இடம் அது.

அரசு சும்மா விடவில்லை. 1818இல் வழிபாட்டுக்குக் கூடிய 140 பேரைக் கைது செய்தது. 1822இல், அடிமைகளின் கலகத்துக்குத் திட்டமிட்டதாக இந்தச் சபையைச் சேர்ந்த டென்மார்க் வீசி உட்பட 35 பேரைத் தூக்கிலிட்டது. ஆலயம் அழிக்கப்பட்டது. 1834இல் கறுப்பினத்தவரின் தனி ஆலயங்கள் தடை செய்யப்பட்டன. 1865 வரை அந்தச் சபை ஒளிந்து ஒளிந்தே கூடியது.

அந்த எம்மானுவேல் ஆலயத்தில்தான் 2015 ஜூன் 17 இரவு, வேத வகுப்பில் ஒன்றாக உட்கார வைத்துக்கொண்ட ஒரு வெள்ளை இனவெறியன் 9 பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் மிக இளையவருக்கு 26 வயது, மிக மூத்தவருக்கு 87. ஆலயத்தின் போதகர் கிளமென்டா பிங்க்னியும் அவர்களில் ஒருவர். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை அதே ஆலயத்தில் மக்கள் மீண்டும் கூடினார்கள். கொலையாளியை மன்னிப்பதாகச் சில குடும்பத்தினர் சொன்னார்கள். ஊடகங்கள் அந்த மன்னிப்பையே திரும்பத் திரும்பக் காட்டின. மன்னிப்பது அவரவர் விருப்பம். ஆனால் பாதிக்கப்பட்டவர் மன்னித்தால்தான் அவருக்கு இரங்குவோம் என்று நினைக்கும் சமூகத்துக்கு நீதியைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

பிங்க்னி மாநில செனட்டராகவும் இருந்ததால் அவர் உடல் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. வெளியே, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்பின் கொடி முழுக் கம்பத்தில் பறந்துகொண்டிருந்தது. அது தெரியாமல் இருக்க ஒரு சன்னலில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டார்கள். துணி போட்டு மறைத்தது போதாது என்று மக்கள் போராடினார்கள். ஜூலை 10 அன்று கொடி இறக்கப்பட்டது.

பெட்டியைத் திறந்து வைத்த தாய்

இதே வரலாற்றில் 1955 ஒரு திருப்பம். சிகாகோவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில், மிசிசிப்பியில் உறவினர் வீட்டுக்குப் போன இடத்தில் ஆகஸ்ட் 28 அன்று கொல்லப்பட்டான். ஆற்றிலிருந்து உடல் எடுக்கப்பட்டதும், அங்கேயே அவசரமாகப் புதைத்துவிட அதிகாரிகள் முயன்றார்கள். குழியும் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். தாய் மேமி டில் விடவில்லை. உடலைச் சிகாகோவுக்கு வரவழைத்தார். மூடி முத்திரையிட்டு வந்த பெட்டியைத் திறக்க வைத்தார். தன் மகனை என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்று முடிவு செய்தார்.

செப்டம்பர் 3 முதல் ராபர்ட்ஸ் டெம்பிள் என்ற ஆலயத்தில் உடல் திறந்த பெட்டியில் வைக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கானோர் வரிசையில் வந்தார்கள். ‘ஜெட்’ இதழில் வந்த படம் நாடெங்கும் போனது. வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு குற்றவாளிகளை விடுவித்தது. ஆனால் அந்த இறுதிச்சடங்கைப் பார்த்த தலைமுறைதான் அடுத்த பத்தாண்டுகள் தெருவில் நின்றது.

அந்த ஆலயம் செய்தது என்ன? ஒரு தாயின் அழுகையை நான்கு சுவருக்குள் அடக்காமல் கதவைத் திறந்து வைத்தது. அமெரிக்கக் கறுப்பினச் சபைகளில் துக்கம் இப்படித்தான் நடக்கிறது. அடக்க ஆராதனையை ‘வீடு திரும்புதல்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். கதறி விழுபவரைத் தாங்கிப் பிடிக்கவென்றே வெள்ளைச் சீருடை அணிந்த பெண்கள் நிற்பார்கள். அடக்கம் முடிந்ததும் ஆலயக் கூடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. ‘அழாதே’ என்று யாரும் அடக்குவதில்லை.

2020 செப்டம்பரில் ஹாத்ரஸில் என்ன நடந்தது? வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த தலித் பெண்ணின் உடலை, குடும்பத்தை அருகில் விடாமல், செப்டம்பர் 30 விடிவதற்குள் காவல்துறையே எரித்தது. மிசிசிப்பியில் முடியாமல் போனது இங்கே முடிந்தது. ‘நீதி கிடைக்கும்வரை உடலை வாங்க மாட்டோம்’ என்று நம் குடும்பங்கள் மருத்துவமனை வாசலில் உட்காருவதன் பொருளை, மேமி டில்லின் கதையோடு சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் அடி

இப்போது நம் சபைகளுக்கு வருவோம். 2008இல் விழுப்புரம் பகுதியின் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். இறந்தவரின் உடலைப் பெரிய தெரு வழியே கோயிலுக்குக் கொண்டுபோக முடியாதது அவர்களின் மனக்குறைகளில் ஒன்று. வன்முறையும் துப்பாக்கிச் சூடும் வரை அது போனது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதற்கு நன்றி. சுவர்கள் காகிதத்தால் இடிவதில்லை.

இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2016இல் திருத்தப்பட்ட விதிகளைப் படியுங்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கொலை செய்யப்பட்டால் 8.25 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அதோடு, விதவைக்கோ சார்ந்திருப்போருக்கோ மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும், பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை முழுச் செலவு, மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, பாத்திரம் ஆகியவையும் உண்டு. விதவைக்கு வருமானம், பிள்ளைக்குப் படிப்பு. 1787இல் மாதம் ஒரு ஷில்லிங் கட்டியவர்கள் எழுதிய விதியும் இதேதான்.

ஆனால் 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. கிறித்தவத்துக்குப் போன தலித் நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். அவர் சாதியின் பெயரால் வெட்டப்பட்டுச் செத்தாலும், அவருடைய மனைவிக்கு இந்த ஓய்வூதியத்தைக் கேட்கச் சட்டத்தில் வழி இல்லை. ‘நீ கிறித்தவன், உனக்குச் சாதி இல்லை’ என்கிறது அரசு. ‘நீ கிறித்தவனே ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம்தான்’ என்கிறது கல்லறைத் தோட்டம். இரண்டு பக்கமும் அடி வாங்கும் அந்தக் குடும்பத்துக்கு, முப்பதாம் நாள் திருப்பலி மட்டும் போதுமா?

எனவே மாணவத் தோழர்களே, உங்கள் ஊர்ச் சபையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வாசல், ஒரே நிலமா? குடும்பத்தைத் தாங்கியவர் செத்தால், அந்தப் பிள்ளைகளின் படிப்புக்குச் சபையில் எழுதிவைத்த விதியும் நிதியும் உண்டா? நம் மக்களில் ஒருவர் சாதியால் கொல்லப்பட்டால், கோயில் கதவு அந்தத் தாய்க்குத் திறக்குமா, அல்லது ‘பிரச்சினை வேண்டாம், சீக்கிரம் அடக்கம் பண்ணுங்கள்’ என்று சொல்லுமா?

சபையிடம் கேட்பதை நம் இயக்கங்களிடமும் கேட்க வேண்டும். கொலை நடந்த வாரம் நாம் எல்லோரும் போகிறோம். படம் எடுக்கிறோம், முழக்கம் போடுகிறோம், உடல் அடக்கம் ஆகும்வரை நிற்கிறோம். ஆறாம் மாதம், வழக்கு வாய்தாவுக்குத் தனியாகப் பேருந்து ஏறும் அந்த அம்மாவோடு யார் போகிறார்கள்? அடுத்த ஜூனில் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் யார் கட்டுகிறார்கள்? பிலடெல்பியாவின் அந்த இருவரும் நமக்கு விட்டுச் சென்றது ஒரு பிரசங்கம் இல்லை, பென்ஸ் வரை எழுதிய கணக்கு. ஒவ்வொரு ஊர்க் கிளையும் அப்படி ஒரு நோட்டைத் திறக்கலாம். நாம் இழந்தவர்களின் பெயர், அந்த வீட்டில் இருப்பவர்கள், அடுத்த வாய்தா தேதி, இந்த மாதம் அங்கே போக வேண்டியவர் யார் என்று அதில் எழுதுங்கள். எழுதியபடி போங்கள்.

ஜெய்பீம்.